எடைச்சீட்டின் பின்பக்கம்

செம்பனை ஆலையின் எடைமேடையில் எனக்கு வேலை.
லாரி ஏறும், எண் எழும், பொத்தானை அமுக்குவேன்.
வெள்ளைச் சீட்டு ஆலைக்கு, மஞ்சள் தோட்டத்துக்கு,
இளஞ்சிவப்பு ஓட்டுநருக்கு.
இளஞ்சிவப்பின் பின்பக்கம் யாருக்கும் தேவைப்படுவதில்லை.

குலை மலிந்த மாதங்களில் வரிசை
பெட்ரோல் நிலையம் தாண்டி நீளும்.
மூன்று மணி நேரம், சில நாள் ஐந்து.
ஸ்டியரிங்கில் நெற்றி வைத்துத் தூங்குவார்கள்,
இல்லையென்றால் கைப்பேசியில் ஏதாவது உடைப்பார்கள்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து
பார்த்துப் பார்த்து எனக்குத்தான் அலுத்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை, ஏனென்று தெரியாது,
குணாளனுடைய சீட்டின் பின்னால் எழுதினேன்:
"பட்டணத்து நூலகத்தில், சமையல் புத்தகங்களுக்குப் பின்னால்,
முதல் பன்னிரண்டு பக்கம் இல்லாத நாவல் ஒன்று கிடக்கிறது.
எடுத்துப் படியுங்கள்.
தொடக்கம் தெரியாததால்
யார்மேலும் கோபம் வராது."

மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். போய்விட்டார்.

அடுத்த வாரம்:
"வெள்ளி இரவு டிவியில் என்ன படம் போட்டாலும்
சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள்.
வில்லன் எவ்வளவு உழைக்கிறான் என்று தெரியும்."

அதற்கும் பதில் இல்லை. பிறகு ஒரு விளையாட்டு:
"மேடை ஏறும்முன் வண்டியின் எடையைச் சொல்லுங்கள்.
நூறு கிலோவுக்குள் வந்தால் தே ஓ என் செலவு.
தவறினால் உங்கள் செலவு, ஐஸோடு."
மறுநாள் வந்தார், வாய் திறக்கவில்லை.
என் ஊகத்தை நானே முணுமுணுத்து
நானே தோற்றேன். இருநூற்று அறுபது கிலோ.

மழை பிடித்த ஒரு மாலையில் கொஞ்சம் அதிகமாகிவிட்டது:
"குலையை இறக்கிவிட்டு மறுபடி மேடை ஏறுகிறீர்களே,
அந்த வெற்று எடையைக் கழித்த பிறகுதான் காசு.
நம்மிடம் இருப்பதையெல்லாம் இறக்கினால்
எவ்வளவு நிற்கும்?
பாலம்வரை மட்டும் யோசியுங்கள்.
பாலம் தாண்டினால் விட்டுவிடுங்கள்."
எழுதியதும் வெட்கமாக இருந்தது.
அதற்குள் சீட்டு அவர் கையில்.

இரண்டு வாரம் வண்டி வரவில்லை. கியர்பாக்ஸ் என்றார்கள்.

வந்த அன்று இறங்கியது குணாளன் இல்லை.
பக்கத்து இருக்கையில் எப்போதும்
தொப்பியால் முகம் மூடித் தூங்கும் ஆ செங்.
"மிஸ், உங்க எழுத்துல ரவும் றவும் ஒரே மாதிரி இருக்கு லா."

எனக்கு வாய் வரவில்லை.

"அண்ணன் படிச்சது மலாய்ப் பள்ளி. தமிழ் பேசத்தான் வரும்.
நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி, ஆறாம் வகுப்பு வரைக்கும்.
நான்தான் படிச்சுக் காட்டுறேன்.
நாவல் நாப்பத்து மூணாம் பக்கம் வந்தாச்சு.
முன்ன வரிசை நகரலன்னு திட்டுவாரு,
இப்ப நகர்ந்தா திட்டுறாரு."

எடை விளையாட்டு?
"அத மட்டும் படிச்சுக் காட்டல.
தோத்துட்டு எங்கிட்டதான் கடன் கேப்பாரு."

கடைசிச் சீட்டு?
ஆ செங் லாரிப் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டான்.
"பாலத்துமேல வண்டிய நிறுத்திட்டாரு.
பின்னால ஒரே ஹாரன்.
இறங்கி டயரத் தட்டிப் பாத்தாரு, பத்தையும்,
ஒவ்வொண்ணா."
அவ்வளவுதான் சொன்னான்.

பிஸ்கட் அட்டையைக் கிழித்து எழுதிய ஒன்றை
கண்ணாடி ஓட்டை வழியாக நீட்டினான்.
சொன்னது அவர், எழுதியது இவன்:
"மிஸ் நீங்க உள்ளேயே இருக்கீங்க.
வரிசை கடைசிவரை ஒரு தடவை நடங்க.
எட்டாவது லாரியில ஒரு பூணை இருக்கு."
பூனைக்கு மூன்று சுழி. நான் திருத்தவில்லை.

மறுநாள் பசியாறும் இடைவேளை, இருபது நிமிடம்.
கக் ரோஸ்னாவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு
எண்ணிக்கொண்டே நடந்தேன்,
சேற்றில் ஒரு செருப்பு பிய்ந்தது.

எட்டாவது லாரியில் பூனை இல்லை.
ஒன்பதாவதின் நிழலில் ஒரு நேபாளத்துப் பையன்
நாசி லெமாக்கிலிருந்து நெத்திலிகளை மட்டும் பொறுக்கி
இலையின் ஓரத்தில்
வரிசையாக ஒதுக்கிக்கொண்டிருந்தான்.